இரும்புத் துருவும் கரியும்: பவளத் தொட்டியில் ஏழு மாதக் குறிப்பு

பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட்டைக் குறைக்க இரும்புத் துருத் துகளைப் போட்ட ஆறாம் நாள் காலை, தொட்டித் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது. அளவியில் பாஸ்பரஸ் 1 என்று வந்தது. அது பில்லியனில் ஒரு பங்கு. அந்தக் கருவியின் பிழை வரம்பே 5 என்பதால், பூஜ்ஜியம் என்றே வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு நான் அதை வெற்றி என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். மூன்று நாள் கழித்துச் சீரியாடோபோராவின் நுனிகள் வெளுத்தன. பறவைக்கூடு என்று எல்லோரும் சொல்கிற அந்த மெல்லிய கிளைப் பவளம்தான் என் தொட்டியிலேயே எதற்கும் முதலில் முகம் சுளிக்கும். அதற்கடுத்த வாரம் இன்னொரு கிளைப் பவளமான அக்ரோபோராவின் அடியிலிருந்து சதை உரிய ஆரம்பித்தது. அடிக்கோடு போட்ட அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முதலில் தொட்டியைப் பற்றி. ஸம்ப்பையும், அதாவது கூடவே இணைத்த வடிகட்டித் தொட்டியையும், சேர்த்து, பாறையும் மணலும் அடைத்த இடம் போக, சுமார் 200 லிட்டர் தண்ணீர். 20 கிலோ அளவில் பாறை. இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி, ஒரு ராஸ். பவளங்களில் பெரியது சார்கோஃபைட்டன் என்ற தோல் பவளம். அது போக ஹாமர், ஸோவாந்தஸ், மான்டிபோரா, மேலே சொன்ன இரண்டு கிளைப் பவளங்கள். தொட்டி வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் ஓடுகிறது, வாரம் 20 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறேன். அப்படியும் பாறையெல்லாம் முடிப்பாசி. பிடுங்கினால் பத்தே நாளில் மறுபடி அதே நீளம்.

நைட்ரேட் 12 பி.பி.எம். (மில்லியனில் இத்தனை பங்கு). பாஸ்பரஸ் அளவியில் 82. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நானே பல மாதம் இதில் குழம்பினேன். நான் வைத்திருக்கும் ஹன்னா யு.எல்.ஆர். செக்கர் பாஸ்பேட்டைக் காட்டாது, பாஸ்பரஸைத்தான் பி.பி.பி.யில் (பில்லியனில் இத்தனை பங்கு) காட்டும். அதை 3.066 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் பாஸ்பேட் பி.பி.எம்.மில் கிடைக்கும். 82 என்றால் 0.25. பவளத் தொட்டிக்குப் பெரும்பாலானவர்கள் வைக்கும் இலக்கு 0.03 முதல் 0.1 வரை. ஆக, என் தண்ணீரில் அதன் மேல் எல்லையைப் போல இரண்டரை மடங்கு இருந்தது. இந்தப் பதிவில் அளவி காட்டிய எண்ணையே எழுதுகிறேன், தேவையான இடத்தில் மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

சரி, பாஸ்பேட்டை இறக்க வேண்டும். எல்லோரும் கைகாட்டுவது ஜி.எஃப்.ஓ. துகளாக்கிய இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. குடிநீரில் ஆர்சனிக்கை நீக்கவும் இதே பொருள்தான் பயன்படுகிறது. கரும்பழுப்பு மணல் போல இருக்கும். பாஸ்பேட் அயனிகள் அதன் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். இடம் நிரம்பியதும் ஒட்டுவது நின்றுவிடும்.

முதல் முயற்சி

சாதாரண ஜி.எஃப்.ஓ.வுக்குப் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு, 15 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. என் தொட்டிக்கு 13 கரண்டி, கிட்டத்தட்ட 200 மி.லி. அப்படியே முழுசாகப் போட்டேன். புதிதாகத் தொடங்குபவர்கள் பாதியோ கால்பங்கோ போடச் சொல்லும் எச்சரிக்கையும் அதே இடத்தில்தான் இருந்தது. பாசியைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போனவனுக்கு அந்த வரி கண்ணில் படாது.

கழுவியது குழாய்த் தண்ணீரில். அது முதல் தவறு: குழாய்த் தண்ணீரில் பாஸ்பேட் இருந்தால், தொட்டிக்குள் போகும் முன்பே துகளில் கொஞ்சம் இடம் காலி. இரண்டாவது தவறு, துகளை அடைத்து அதன் வழியே தண்ணீரை ஓட்டும் ரியாக்டரின் வெளியேறு குழாயை நேராக ஸம்ப்பில் விட்டது. பம்ப்பைப் போட்ட அரை நிமிடத்தில் ஸம்ப் முழுக்கச் செம்மண் வெள்ளம். ஹாமர் அன்று முழுவதும் சுருங்கியே இருந்தது. முதல் ஐந்தாறு லிட்டரை ஒரு வாளியில் பிடித்து, தெளிந்த பிறகு குழாயை ஸம்ப்புக்குத் திருப்பியிருந்தால் இது நடந்தே இருக்காது.

மூன்றாவது தவறு வேகம். துகள்கள் குழாய்க்குள் சுழன்று சுழன்று ஏறி இறங்குவதைப் பார்க்க அழகாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். ஜி.எஃப்.ஓ. மென்மையான துகள். ஒன்றோடொன்று உரசினால் மாவாகி வெளியே போகும். அதற்காக ஓட்டமே இல்லாமல் வைத்தால் இறுகிக் கட்டியாகிவிடும். தண்ணீர் ஒரு ஓரமாக வழி பண்ணிக்கொண்டு போகும், மற்ற துகள்கள் சும்மா கிடக்கும். மேல் பரப்பில் உள்ள துகள்கள் மட்டும் மெல்ல அசைகிற அளவுதான் சரி. அந்த அசைவு கண்ணில் படுவதற்குக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருந்தால், வேகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள் 36. நான்காம் நாள் 9. ஆறாம் நாள் 1. ஆல்கலினிட்டி, அதாவது பவளம் எலும்பு கட்ட எடுக்கும் கார்பனேட்டின் அளவு, டி.கே.எச். என்ற அலகில் 8.3லிருந்து 7.4க்கு இறங்கியிருந்தது, அதை நான் அளந்ததே எட்டாம் நாள்தான். புது ஜி.எஃப்.ஓ.வின் பரப்பில் கால்சியம் கார்பனேட் படியும், அதனால் ஆல்கலினிட்டி குறையும் என்பது தெரிந்த விஷயம். துகள்கள் ஒட்டிக் கட்டியாவதற்கும் இந்தப் படிவு ஒரு காரணம். பவளங்களுக்கு இரண்டு பக்கமும் அடி: சாப்பாட்டில் ஒன்று திடீரென்று காணாமல் போனது, எலும்பு கட்டும் பொருளும் அதே நேரத்தில் ஆட்டம் கண்டது.

கடுப்பேற்றிய விஷயம், முடிப்பாசி அசையவே இல்லை. தண்ணீரில் பூஜ்ஜியம், பாறையில் பச்சைக் காடு. ஏன் என்று அப்போது புரியவில்லை.

மூன்றாம் வாரம் மணல் மேல் பழுப்பு நிறத்தில் ஏதோ படர்ந்தது. முதலில் டயாட்டம் என்ற பழுப்புப் பாசி என்று நினைத்தேன். அப்புறம் பாறையிலிருந்து சளி போல நூல் நூலாகத் தொங்கியது, ஒவ்வொரு நூலின் முனையிலும் காற்றுக் குமிழி. காலையில் குறைவாக இருக்கும், மாலையாவதற்குள் பெருகிவிடும். நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்தன. பிள்ளைகள் விளையாடும் மலிவான நுண்ணோக்கி ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு சொட்டை அதில் வைத்து 400 மடங்கில் பார்த்தேன். கண்ணீர்த்துளி வடிவச் செல்கள், கயிற்றில் கட்டிய கன்று போல ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ். டைனோஃபிளாஜெல்லேட்டு, சுருக்கமாக டைனோ, என்ற ஒற்றைச்செல் உயிர்களில் நச்சு உள்ள வகை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடிமட்டத்துக்குப் போன தொட்டிகளில் போட்டிக்கு ஆளில்லாமல் இவை கிளம்பும் என்று படித்திருந்தேன். என் நைட்ரேட்டும் அதற்குள் 2க்கு இறங்கியிருந்தது. பசிக்கிற பவளங்களுக்கு உணவைக் கூட்டாமல், பாசி பயத்தில் மீன் தீவனத்தையும் பாதியாகக் குறைத்திருந்தேன்.

அதிலிருந்து மீண்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.எஃப்.ஓ.வைக் கழற்றினேன். தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கரைசலாகத் தினமும் கொஞ்சம் சேர்த்தேன். ஆம், எடுப்பதற்கு அவ்வளவு பாடுபட்ட அதே பாஸ்பேட்டை. இந்த வகை இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும் என்பதால் ஒரு யு.வி. விளக்கை நேராகத் தொட்டியிலிருந்தே தண்ணீர் எடுக்கும்படி மாட்டினேன். செத்த செல்கள் விடும் நச்சைப் பிடிக்கக் கார்பன், அதாவது கரி, போட்டேன். ஆறு வாரம் ஆனது. அக்ரோபோரா போய்விட்டது. சீரியாடோபோராவில் ஒரு விரல் நீளக் கிளை மட்டும் உயிரோடு தங்கியது, அதை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினேன்.

கரி

நச்சுக்காகப் போட்ட கார்பன்தான் என்னை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அதுவரை நான் கார்பனை ஒரு வலைப் பையில் போட்டு ஸம்ப்பின் மூலையில் எறிந்துவிட்டு, கார்பன் பயன்படுத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். தண்ணீர் எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். பையைச் சுற்றிக்கொண்டு போகும், பைக்குள் போகாது.

ஆக்டிவேட்டட் கார்பனுக்குள் நுண்ணிய துளைகள் ஏராளம். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வரும், நல்ல ரகத்தில் ஆயிரத்தையும் தாண்டும். தண்ணீரை மஞ்சளாக்கும் கரிமப் பொருள்கள், தோல் பவளம் போன்றவை பக்கத்து வீட்டுக்காரனைத் துரத்த வெளியிடும் டெர்பீன் வகை ரசாயனங்கள், மருந்தின் மிச்சம் ஆகியவற்றை இது பிடிக்கும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பிடிக்காது. சொல்லப்போனால் சில கார்பன்கள் பாஸ்பேட்டைத் தொட்டிக்குள் விடவும் செய்யும்.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சோதித்துப் பார்த்தேன். சுலபமான சோதனைதான், எல்லோரும் செய்யலாம். கையில் இரண்டு ரகம் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி எடுத்து, ஆர்.ஓ. தண்ணீரில் தூசி போகக் கழுவி, 250 மி.லி. புது ஆர்.ஓ. தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்தேன். காலையில் அளந்தால் ஒன்றில் 40, மற்றதில் 2. வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் 0. 40 காட்டியது இரண்டு வருடமாக என் ஸம்ப் மூலையில் கிடந்த ரகம். கால் லிட்டரில் 40 என்பதை 200 லிட்டரில் கலந்தால் ஒன்றுமில்லாத அளவுதான், முடிப்பாசிக்கு இதைக் காரணமாக்க முடியாது. ஆனாலும் ஒரு பக்கம் பிடித்து மறு பக்கம் விடுவதற்குக் காசு கொடுப்பானேன் என்று அந்த டப்பாவை ஒதுக்கினேன்.

தண்ணீர் மஞ்சளா என்று பார்க்க முன்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பயனில்லை, அதில் ஆழம் போதாது. பக்கக் கண்ணாடி வழியாக, தொட்டியின் முழு நீளமான 90 செ.மீ.க்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை பி.வி.சி. குழாய்த் துண்டை வைத்துப் பார்த்தேன். வைக்கோல் நிறம். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. பழகிவிடும்.

இரண்டாவது ரகத்தில் ஆறு மேசைக்கரண்டி எடுத்துத் தனி ரியாக்டரில் போட்டேன். ஜி.எஃப்.ஓ. போல இது அசையக் கூடாது. மேலும் கீழும் ஸ்பாஞ்ச் வைத்து, துகள்கள் நகராமல், அதே நேரம் நசுங்காமல் அடைக்க வேண்டும். அசைந்தால் கரித்தூள் வெளியே வரும். மீன்களுக்கு, குறிப்பாக டேங் வகைகளுக்கு, தலையிலும் பக்கக்கோட்டிலும் தோல் அரிப்பு வருவதோடு கார்பனைத் தொடர்புபடுத்திச் சோதனைகள் நடந்திருக்கின்றன. என்னிடம் டேங் இல்லை, இருந்தாலும் தூசி போகும்வரை கழுவுவதில் இப்போது சோம்பல்படுவதில்லை. இந்த முறை வெளியேறு குழாய் வாளிக்குத்தான் போனது.

நான்கு நாளில் அந்தக் குழாய்த் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. மஞ்சள் நிறம் நீல ஒளியை விழுங்கிக்கொண்டே இருந்தது, அது போனதும் அதே விளக்கு பவளங்களுக்கு அதிகமாக விழுகிறது. ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்த மான்டிபோராவை நினைத்து, விளக்கை 15 சதவீதம் குறைத்து, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. குறைக்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. அடிபட்ட கைக்குக் கட்டுப் போடத் தோன்றும்தானே.

கார்பனை மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். எப்போது தீர்ந்தது என்று சொல்ல வீட்டில் அளக்கக்கூடிய எண் எதுவும் இல்லை, குழாய்த் துண்டின் நிறம்தான் சாட்சி.

துளி இடைவேளை: வேறு மீடியாக்கள் (வடிகட்டும் பொருள்கள்)

செயற்கைப் பாலிமர் மணிகளையும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன், பூரிஜென் போன்றது. வெளிர் நிறமாகப் போகும், கரும்பழுப்பாக வெளியே வரும், ப்ளீச்சில் ஊற வைத்து, குளோரினைப் போக்கி மறுபடி பயன்படுத்தலாம். தண்ணீர் மினுமினுத்தது. ஆனால் பவளமும் மீனும் இருக்கும் தொட்டிக்குள் போகிற பொருளை நானே ப்ளீச்சில் ஊறவைப்பது என் கைராசிக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். அலுமினியம் ஆக்சைடு அடிப்படையிலான வெள்ளை மணிகளும் பாஸ்பேட்டைப் பிடிக்கும், ஆனால் தோல் பவளங்கள் அதற்குச் சுருங்குவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். என் தொட்டியில் பாதி இடத்தைப் பிடித்திருப்பதே தோல் பவளம், அதனால் தொடவில்லை. லாந்தனம் குளோரைடு சொட்டுச் சொட்டாக விட்டு பாஸ்பேட்டைப் படிய வைக்கும் முறை பெரிய தொட்டிக்காரர்களுக்கு. 0.25ஐ ஆறு நாளில் பூஜ்ஜியம் ஆக்கிய கையில் லாந்தனத்தைக் கொடுப்பது நியாயமில்லை.

இரண்டாம் முயற்சி

டைனோ அடங்கி ஒரு மாதம் கழித்து அளவி 75 காட்டியது. அதாவது 0.23. 1க்குப் போன தண்ணீர், நான் சொட்டுச் சொட்டாகச் சேர்த்ததற்கும் மேலாக, தானாகவே ஏறி வந்திருந்தது. எங்கிருந்து? மீன் தீவனம் என்று சொல்லலாம். ஆனால் அந்த அளவு தீவனம் நான் போடவில்லை.

பாறையைச் சந்தேகப்பட்டேன். ஸம்ப்பிலிருந்து ஒரு முஷ்டி அளவுப் பாறையை எடுத்து, பாசியையும் அழுக்கையும் தேய்த்து, வாளியில் 10 லிட்டர் புது உப்புத் தண்ணீரில் போட்டு, சின்னப் பம்ப் ஒன்றை ஓட விட்டேன். பக்கத்தில் பாறை இல்லாமல் அதே தண்ணீர் இன்னொரு வாளியில். நான்கு நாள். பாறை இல்லாத வாளி 1. பாறை இருந்த வாளி 31. தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றினேன். இன்னும் நான்கு நாளில் 27.

பாறை என்பது கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் அதிகமாக இருந்த இரண்டு வருடமும் அது தன் பரப்பில் பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. தண்ணீரில் குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். தண்ணீரில் பூஜ்ஜியம் வந்தபோதும் முடிப்பாசி ஏன் கொழித்தது என்பதற்குப் பதில் இதுதான்: அது வேர் போலப் பிடித்துக்கொண்டிருந்த இடமே பண்டகசாலை. தண்ணீரை மட்டும் நம்பியிருந்த பவளங்கள்தான் பட்டினி கிடந்தன. நான் தண்டித்தது தப்பான ஆளை.

இந்த முறை 2 மேசைக்கரண்டி. 30 மி.லி. முதலில் போட்டதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. ஆர்.ஓ. தண்ணீரில் கழுவி, வாளியில் முதல் தண்ணீரைப் பிடித்து, அப்புறம்தான் ஸம்ப்பில் விட்டேன். வேகத்தைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யாமல் அளந்தேன்: அரை லிட்டர் குவளை நிரம்ப ஒரு நிமிடம், அதாவது மணிக்கு 30 லிட்டர். மெலிந்த குழாய் உள்ள ரியாக்டர் என்பதால் அந்த ஓட்டத்திலேயே மேல் துகள்கள் லேசாக அசைந்தன.

புதிதாகச் செய்தது ஒன்றுதான். தொட்டியிலிருந்து ஒரு மாதிரி, ரியாக்டரின் வெளியேறு குழாயிலிருந்து ஒரு மாதிரி என்று தினமும் ஒரே நேரத்தில் இரண்டும் எடுத்து அளந்தேன். இதில் கை சுத்தம் முக்கியம். ஒரே குப்பியை இரண்டுக்கும் பயன்படுத்தினேன், இடையில் அடுத்த மாதிரித் தண்ணீராலேயே மூன்று முறை அலசி. வெளியில் உள்ள கைரேகையைத் துடைத்து, சோதனைப் பொடி கரைந்ததும் உள்ளே ஒட்டிய குமிழிகளைத் தட்டி எழுப்பி, அப்புறம்தான் அளவிக்குள் வைத்தேன். ஒரு குமிழி இருந்தாலே பத்து எண் ஏறும். பாக்கெட்டில் ஒட்டிக்கொண்ட பொடியைத் தட்டாமல் விட்டால் எண் இறங்கும். ஒரே தண்ணீரை மூன்று முறை அளந்து 71, 75, 73 என்று வந்த பிறகுதான் என் கையை நம்பினேன்.

முதல் நாள் தொட்டி 75, வெளியேறு 58. இரண்டாம் நாள் 73, 63. மூன்றாம் நாள் 71, 66. அதன்பிறகு இடைவெளி இரண்டு மூன்றுதான், அளவியின் பிழைக்குள் போய்விட்டது. ஆறாம் நாள் இரண்டும் 69. துகள் நிரம்பிவிட்டது.

ஆறு நாள் வேலைக்கு ஆறே எண் குறைந்ததைப் பார்த்து முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் நோட்டில் கணக்குப் போட்டேன். நாளுக்கு 720 லிட்டர் ரியாக்டர் வழியாகப் போகிறது. உள்ளே போன எண்ணுக்கும் வெளியே வந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை நாள்வாரியாகக் கூட்டினால் சுமார் 37. அதைப் பாஸ்பேட்டாக மாற்றி 720 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 80 மில்லிகிராம். அளவியின் பிழையைக் கழித்தால் 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தொட்டித் தண்ணீர் முழுவதிலும் இருந்ததே 46 மில்லிகிராம்தான்! தண்ணீரில் இருந்ததைவிட அதிகமாக வெளியே எடுத்திருக்கிறேன், தண்ணீரில் குறைந்ததோ 4 மில்லிகிராம்கூட இல்லை. மீதி அத்தனையும் தீவனத்திலிருந்தும் பாறையிலிருந்தும் வந்து சேர்ந்தது. அந்த 30 மி.லி. துரு சோம்பேறி இல்லை, பண்டகசாலையைக் காலி செய்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அவசரம் போய்விட்டது. தொட்டி எண்ணைத் துரத்துவதை நிறுத்திவிட்டு, வெளியேறு எண் தொட்டி எண்ணைத் தொட்டதும் துகளை மாற்றுவது என்று வைத்துக்கொண்டேன். முதலில் வாரம் ஒருமுறை. கார்பன் ரியாக்டரை ஜி.எஃப்.ஓ.வுக்கு முன்னால் இணைத்தேன், கரிமப் பிசுக்கு இரும்புத் துகளில் படியாமல் கரியிலேயே தங்கட்டும் என்று. ஆல்கலினிட்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் அளந்தேன். இந்தச் சின்ன அளவுக்கு அது 0.1, 0.2க்கு மேல் ஆடவில்லை. மீன்களுக்கு வயிறாரத் தீவனம் போட்டேன்.

ஐந்தாவது நிரப்பலில் 61. எட்டாவதில் 50. ஒன்பதாவதில் திடீரென்று 57க்கு ஏறியது. பதறிப்போய்த் தேடினால், மணலைக் கிளறிய கோபி பாறைக்குப் பின்னால் இருந்த அழுக்குப் பள்ளத்தை மொத்தமாகத் திறந்துவிட்டிருந்தது. அதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். ரசாயன மீடியா பிடிப்பது கரைந்த பொருளைத்தான். கரையும் முன்பே அள்ளிவிட்டால் மீடியாவுக்கு வேலை மிச்சம். அந்த ஒரு சுத்தம் இரண்டு நிரப்பலுக்குச் சமம் என்று என் நோட்டுச் சொல்கிறது.

முடிப்பாசி எப்போது பின்வாங்கியது என்று ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. 45ஐ ஒட்டி இருந்த சமயத்தில், பிடுங்கிய இடத்தில் திரும்ப வருவதற்குப் பத்து நாள் போதவில்லை, மூன்று வாரம் எடுத்தது. நிறமும் வெளிறியது. நத்தைகளைப் புதிதாக விட்டேன்; முளைக்கும் குருத்தை அவை மேய்ந்துவிடுகின்றன. பின்கண்ணாடியில் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. அது இருக்கட்டும்.

அதே ஸம்ப் பாறையை ஏழாம் மாதம் மறுபடி வாளியில் போட்டேன். 10 லிட்டர் புதுத் தண்ணீர், அதே பம்ப், நான்கு நாள். 31 காட்டிய இடத்தில் இப்போது 12.

தொட்டி எண் 24, பாஸ்பேட்டாக 0.07. நைட்ரேட் 8. பழுப்பு நூல்கள் மறுபடி தலைகாட்டவில்லை. போன வாரம் கடைசி நிரப்பலின் வெளியேறு எண்ணும் 24 ஆனது. புதுத் துகளை அளக்கக் கரண்டியை எடுத்தவன், திரும்ப வைத்துவிட்டேன். ரியாக்டரைக் கழுவி ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருக்கிறேன். 35ஐத் தாண்டினால் மறுபடி மாட்டுவேன். கார்பன் மட்டும் ஓடுகிறது. வெட்டி ஒட்டிய சீரியாடோபோரா துண்டில் நேற்று எண்ணினேன், ஏழு புது நுனிகள், ஏழும் இளஞ்சிவப்பு.